ஐந்து யுவான் என்றால் என்ன? சென் ஜூவின் பதவிகள் வழியே தைவான் அரசு

தைவான் செய்திகளைப் புதிதாகப் படிக்க ஆரம்பிப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது ‘யுவான்’ என்ற சொல்லில்தான். ‘சட்டமியற்றும் யுவானில் கைகலப்பு’, ‘கண்காணிப்பு யுவானுக்குப் புதிய தலைவர்’ என்றெல்லாம் தலைப்பு வரும். யுவான் சீனப் பணமாயிற்றே, அதற்குள் எப்படிக் கைகலப்பு? தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே மாதிரி விழுகின்றன, அவ்வளவுதான். சீனத்தில் பணத்துக்கு உரிய எழுத்து வேறு, இந்த யுவானின் எழுத்து வேறு. சொல்லும் தொனியும் வேறு. இங்கே யுவான் என்றால் மன்றம், அவை, அரசின் ஒரு பெரிய அங்கம்.

தைவான் அரசில் அப்படி ஐந்து உண்டு. நிர்வாக யுவான் என்பது அமைச்சரவை. அதன் தலைவர்தான் பிரதமர். சட்டமியற்றும் யுவான் நாடாளுமன்றம். நீதி யுவான் நீதித்துறை. இந்த மூன்றும் எல்லா நாட்டிலும் இருப்பவைதான். மீதி இரண்டு புதுமையானவை: அரசுப் பணிக்குத் தேர்வு நடத்தும் தேர்வு யுவான், அதிகாரிகள் தப்பு செய்தால் பிடிக்கும் கண்காணிப்பு யுவான். நவீன சீனத்தின் தந்தை என்று போற்றப்படும் சுன் யாட்சென்னின் யோசனை இது. மேற்கிலிருந்து வந்த மூன்று அதிகாரங்களோடு, சீனப் பேரரசுகள் காலங்காலமாக வைத்திருந்த இரண்டு பழக்கங்களையும் சேர்த்தார். ஒன்று, அரசு வேலைக்குத் தேர்வு. இன்னொன்று, அதிகாரிகளை வேவு பார்த்து அரசரிடமே குற்றம் சொல்லும் தணிக்கை அதிகாரிகள். அவர் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, சீனப் பெருநிலத்தில் எழுதப்பட்டு 1947 டிசம்பர் 25 அன்று அமலுக்கு வந்த அரசியலமைப்பில் இந்த ஐந்தும் ஏறின. 1949இல் உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்ற குவோமின்தாங் கட்சி தைவானுக்கு வந்தபோது, அந்த அரசியலமைப்பையும் கையோடு எடுத்துவந்தது.

இதை அட்டவணை போட்டுப் படித்தால் மறுநாளே மறந்துபோகும். ஒரு ஆளைப் பின்தொடர்ந்து போனால் மறக்காது. அதற்கு எனக்குத் தெரிந்து சென் ஜூவை விடப் பொருத்தமானவர் இல்லை. ஒரு காலத்தில் இந்த அரசு அவரை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தியது. நாற்பது ஆண்டு கழித்து அதே அரசின் ஐந்து யுவான்களில் ஒன்றுக்குத் தலைவராக உட்கார்ந்தார். நடுவில் செயலாளர், மாநகர அதிகாரி, அமைச்சர், மேயர் என்று ஏறக்குறைய எல்லாப் படியிலும் கால் வைத்திருக்கிறார். (சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முன்னால் வரும். சென் குடும்பப் பெயர். ஜூ என்றால் செவ்வந்திப் பூ.)

மக்கள் ஓட்டுப் போடாத நாடாளுமன்றம்

சென் ஜூ 1950இல் வடகிழக்குத் தைவானின் யீலான் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பத்தொன்பது வயதில் குவோ யூசின் என்ற மாகாண சபை உறுப்பினரிடம் செயலாளராகச் சேர்ந்தார். அரசியல் பள்ளிக்கூடம் அதுதான்.

அந்தக் காலத்தைப் புரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. 1949 மே 20 முதல் தைவானில் ராணுவச் சட்டம். புதுக் கட்சி தொடங்கக் கூடாது. நாடாளுமன்றம் இருந்தது, ஆனால் அதில் இருந்தவர்கள் 1947, 48இல் சீனப் பெருநிலம் முழுவதும் நடந்த தேர்தலில் வந்தவர்கள். ஹூனானுக்கும் சிச்சுவானுக்கும் உறுப்பினர்கள் தலைநகர் தைபேயில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த மாகாணங்கள் இப்போது கம்யூனிஸ்டுகள் கையில்; அங்கே தேர்தல் நடத்த வழியில்லை; அதனால் பெருநிலத்தை மீட்கும்வரை இவர்களே தொடரட்டும் என்று முடிவாயிற்று. மீட்கவும் இல்லை, முழுத் தேர்தலும் இல்லை. 1991 கடைசிவரை, நாற்பது ஆண்டுக்கும் மேலாக, பலர் அதே நாற்காலியில் முதுமையடைந்தார்கள். ‘பத்தாயிரம் ஆண்டு நாடாளுமன்றம்’ என்று மக்கள் கேலி செய்தார்கள். சிலர் சக்கர நாற்காலியில் வந்து ஓட்டுப் போட்டார்கள்.

உள்ளூரில் தேர்தல் உண்டு: மாகாண சபை, மாவட்டத் தலைவர் போன்ற பதவிகளுக்கு. கட்சி தொடங்க முடியாதவர்கள் அங்கே தனியாளாக நின்றார்கள். அவர்களுக்கு ‘தாங்வாய்’ என்று பெயர். நேரடிப் பொருள் ‘கட்சிக்கு வெளியே’. எந்தக் கட்சி என்று சொல்ல வேண்டியதே இல்லை, இருந்தது ஒன்றுதானே. குவோ யூசின் அந்த வட்டத்தில் பெரிய ஆள். 1977இல் அவர் அமெரிக்கா போய்விட, அவருடைய செயலாளராக இருந்த பெண் தைவானில் எஞ்சியிருந்த எதிர்ப்பாளர்களுக்கு நடுவே கண்ணியாக ஆனார். 1978இல் ஒரு முறை கைது செய்யப்பட்டு, வெளிநாட்டு அழுத்தம் வந்ததும் விடுவிக்கப்பட்டார்.

அடுத்த ஆண்டு அப்படி முடியவில்லை. 1979இல் தாங்வாய் ஆட்கள் ‘மெய்லிதாவ்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார்கள். அழகிய தீவு என்று பொருள். பேர் பத்திரிகை, வேலை கட்சி: ஊர் ஊராகக் கிளை அலுவலகம். தெற்கிலுள்ள துறைமுக நகரமான காவோசியுங் அலுவலகத்தின் துணைப் பொறுப்பாளர் சென் ஜூ. டிசம்பர் 10, மனித உரிமை தினத்தன்று அங்கே நடந்த ஊர்வலம் போலீஸோடு மோதலில் முடிந்தது. சில நாட்களில் தலைவர்கள் அநேகமாக எல்லோரும் உள்ளே.

அதில் எட்டுப் பேர் மீது தேசத்துரோக வழக்கு. தைபேயின் ஜிங்மெய்யில் ராணுவ நீதிமன்றம். தேசத்துரோகத்துக்கு மரண தண்டனை வரை உண்டு. உயிரோடு வெளியே வரப்போவதில்லை என்று நினைத்து, காவலில் இருந்தபோது சென் ஜூ உயில் எழுதினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது. 1980 மார்ச்சில் விசாரணை, அதன்பின் தீர்ப்பு: பன்னிரண்டு ஆண்டு சிறை.

இந்த வழக்கில் வாதாட வந்த இளம் வழக்கறிஞர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கதை மறுபடி அவர்களிடம் வரும். சென் ஷுய்பியான் என்பவர் பின்னால் ஜனாதிபதி ஆனார். சாங் சுன்ஷியூங், ஷியே சாங்டிங், சு செங்சாங் மூவரும் பின்னால் பிரதமர் ஆனார்கள். சென் ஜூவோடு சிறையிலிருந்த லூ ஷியூலியன் துணை ஜனாதிபதி ஆனார். ஒரு ராணுவ நீதிமன்ற அறைக்குள் அடுத்த தலைமுறை அரசாங்கமே உட்கார்ந்திருந்தது என்றால் மிகையில்லை. குற்றவாளிக் கூண்டில் பாதி, வக்கீல் மேசையில் பாதி.

ஆறு ஆண்டுகளுக்கும் சற்று மேல் சிறையில் இருந்துவிட்டு 1986 பிப்ரவரியில் வெளியே வந்தார். அந்த ஆண்டே செப்டம்பர் 28இல், தடை இருக்கும்போதே, தாங்வாய் ஆட்கள் தைபேயின் கிராண்ட் ஹோட்டலில் கூடி ஜனநாயக முற்போக்குக் கட்சியைத் தொடங்கினார்கள். அரசு கண்டும் காணாமல் விட்டது. 1987 ஜூலை 15 அன்று ராணுவச் சட்டம் நீங்கியது.

தேர்தலில் நிற்காமல் அமைச்சர் ஆவது

இனிமேல்தான் தைவான் அரசின் இன்னொரு விசித்திரம். சென் ஜூ தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தேசிய சபை உறுப்பினராக இருந்தார். தேசிய சபை என்பது அரசியலமைப்பைத் திருத்தவும், பழைய காலத்தில் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கவும் இருந்த தனி அவை; 2005இல் அதையே கலைத்துவிட்டார்கள், ஆகவே அதை மறந்துவிடலாம். ஆனால் சட்டமியற்றும் யுவானில் அவர் ஒரு நாளும் உறுப்பினராக இருந்ததில்லை. அப்படியிருந்தும் ஐந்து ஆண்டு அமைச்சராக இருந்தார். எப்படி?

தைவானில் நாடாளுமன்ற உறுப்பினர் அமைச்சராக முடியாது. அமைச்சர் பதவி வேண்டுமென்றால் உறுப்பினர் பதவியை விட வேண்டும். 1996 முதல் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஜனாதிபதி பிரதமரை நியமிக்கிறார்; 1997 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூட வேண்டாம். பிரதமர் அமைச்சர்களை முன்மொழிகிறார். ஆக, தைவான் பிரதமர் நாடாளுமன்றப் பெரும்பான்மையின் தலைவர் அல்லர். ஜனாதிபதி வைத்த மேலாளர் மாதிரி. பேராசிரியர், மருத்துவர், மாநகர அதிகாரி என்று யாரை வேண்டுமானாலும் அமைச்சரவைக்குள் கொண்டுவரலாம்.

மாநகரங்களிலும் இதே முறைதான். தைபே, காவோசியுங் போன்ற பெரிய நகரங்கள் மாகாணத்துக்குக் கீழே வராமல் நேராக மத்திய அரசின் கீழ் வருபவை. அவற்றின் மேயர்களை மத்திய அரசு நியமித்த காலம் போய், 1994இல் மக்களே தேர்ந்தெடுத்தார்கள். மேயர் தனக்கு வேண்டிய துறைத் தலைவர்களை வைத்துக்கொள்ளலாம். அந்த 1994இல் தைபே மேயரானவர் யார்? அந்தப் பழைய வக்கீல் சென் ஷுய்பியான். சமூக நலத்துறையை சென் ஜூவிடம் கொடுத்தார். 1998இல் காவோசியுங் மேயரானவர் இன்னொரு வக்கீல், ஷியே சாங்டிங். அவரும் அதே துறையைக் கொடுத்து அழைத்துக்கொண்டார். 2000இல் சென் ஷுய்பியான் ஜனாதிபதி ஆனபோது தைவானில் முதல் முறையாக ஆட்சி கைமாறியது. சென் ஜூ தொழிலாளர் விவகாரக் குழுவின் தலைவரானார். பேர்தான் குழு, அமைச்சகம் மாதிரியே இயங்கியது. 2014இல் பெயரும் தொழிலாளர் அமைச்சகம் என்று மாறிவிட்டது.

வேண்டியவர்களுக்குப் பதவி என்று இதைச் சொல்லலாம். கொஞ்சம் உண்மையும்தான். ஆனால் அந்த ஐந்து ஆண்டில் வந்த சட்டங்கள் லேசானவை அல்ல. 2002இல் வேலையிடத்தில் ஆண் பெண் சமத்துவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2005 ஜூலையில் புதிய ஓய்வூதிய முறை. அதற்கு முன்பு ஒரே நிறுவனத்தில் பல ஆண்டு தாக்குப்பிடித்தால்தான் ஓய்வுத் தொகை கிடைக்கும். சிறு கம்பெனிகள் வருவதும் மூடுவதுமாக இருக்கும் ஊரில் அது பலருக்குக் கிடைக்கவே இல்லை. புதிய முறையில் முதலாளி மாதச் சம்பளத்தில் குறைந்தது 6 சதவீதத்தைத் தொழிலாளியின் பெயரிலுள்ள கணக்கில் போட வேண்டும். வேலை மாறினாலும் கணக்கு கூடவே வரும். இன்றைக்கும் தைவானில் சம்பளச் சீட்டு வாங்குபவருக்கு இந்த 6 சதவீதம் தெரியும்.

அதே 2005 ஆகஸ்டில், காவோசியுங் மெட்ரோ கட்டுமானத்துக்கு வந்திருந்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் தங்கள் விடுதியில் கலவரம் செய்தார்கள். கைபேசி வைத்துக்கொள்ளக்கூட அனுமதி இல்லாத அளவுக்கு அங்கே கெடுபிடி. வெளிநாட்டுத் தொழிலாளர்களின் நிலை நேரடியாக சென் ஜூவின் துறைக்குள் வருவது. பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மனித உரிமைக்காகச் சிறை போனவரின் பொறுப்பில் இப்படி ஒன்று நடந்தது அவருடைய வாழ்க்கைக் கணக்கில் எழுதப்பட வேண்டிய ஒன்றுதான்.

1,114 ஓட்டு

2006 டிசம்பரில் காவோசியுங் மேயர் தேர்தல். குவோமின்தாங் வேட்பாளரை சென் ஜூ வென்றது 1,114 ஓட்டு வித்தியாசத்தில். பதிவான ஓட்டு ஏழரை லட்சத்துக்கு மேல். வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு, எதிரணி ஆட்கள் ஊர்வலத்துக்கு வந்தவர்களுக்குப் பணம் கொடுத்ததாகச் சொல்லி அவருடைய தரப்பு ஒரு செய்தியாளர் சந்திப்பு நடத்தியது. அதை வைத்தே தோற்றவர் வழக்குப் போட்டார். கீழ்நீதிமன்றம் தேர்தல் செல்லாது என்றது. 2007 கடைசியில் மேல்நீதிமன்றம் செல்லும் என்றது. அந்த ஓராண்டு அவர் மேயராக வேலை பார்த்தது பாதி நாற்காலியில்தான்.

எந்த ஊரில் ஊர்வலம் போனதற்காக ஜெயிலுக்குப் போனாரோ அந்த ஊருக்கே மேயர். அதுவும் பதினோரு ஆண்டுக்கும் மேல். சட்டப்படி தொடர்ந்து இரண்டு தவணைதான். ஆனால் 2010 கடைசியில் காவோசியுங் நகரமும் அதைச் சுற்றியிருந்த காவோசியுங் மாவட்டமும் ஒன்றாக இணைக்கப்பட்டதால் கணக்கு புதிதாகத் தொடங்கியது. 2010, 2014 இரண்டிலும் வென்றார்.

அத்தனை ஆண்டையும் சொல்ல இடமில்லை, 2009ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். மேயில் பெய்ஜிங்கும் ஷாங்காயும் போனார், ஜூலையில் தன் ஊரில் நடக்கவிருந்த உலக விளையாட்டுப் போட்டிகளுக்கு அழைப்பதற்காக. சீனத்தோடு ஒட்டாத ஜனநாயக முற்போக்குக் கட்சியின் பெரிய தலைவர் ஒருவர் பெய்ஜிங் போனதே செய்தி. அங்கே பேசும்போது ‘ஜனாதிபதி மா இங்ஜியூ’ என்று பதவியைச் சொல்லியே குறிப்பிட்டார். தைவானுக்கு ஜனாதிபதி என்று ஒருவர் இருப்பதையே ஒப்புக்கொள்ளாத ஊரில், அதுவும் எதிரணியான குவோமின்தாங் கட்சிக்காரரைப் பற்றி. ஜூலையில் போட்டிகள் நடந்தன. கூரை முழுக்கச் சூரியத் தகடு பதித்த அரங்கம் இன்றும் இருக்கிறது. ஆகஸ்டில் மொராகோட் புயல் தெற்குத் தைவானைப் புரட்டிப்போட்டது. இறந்தவர்களுக்காகப் பிரார்த்திக்க வரும்படி தலாய் லாமாவை அழைத்த தெற்கத்தியத் தலைவர்களில் இவரும் ஒருவர். மேயில் உபசரித்த பெய்ஜிங்குக்கு ஆகஸ்டில் கோபம்.

அப்புறம் மறக்க முடியாத அந்தத் தூக்கம். 2010 செப்டம்பரில் இன்னொரு புயல், நகரத்தில் வெள்ளம். அந்த மதிய நேரத்தில் மேயர் வீட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் தூங்கினார் என்பது வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டார். இரண்டு மாதத்தில் வந்த தேர்தலில் வென்றும்விட்டார். ஆனாலும் இன்றுவரை அவரைப் பிடிக்காதவர்கள் முதலில் எடுப்பது இந்தத் தூக்கத்தைத்தான், பிறகுதான் நகரத்தின் கடன் சுமையை.

2014 ஜூலை 31 இரவு நடந்தது வேறு வகை. நகரின் நடுவே தெருவுக்கு அடியில் ஓடிய புரொப்பிலீன் எரிவாயுக் குழாய் கசிந்து, தரைக்கடி வடிகால் வழியே பரவி வெடித்தது. சாலைகள் நீளவாக்கில் பிளந்தன; லாரிகள் பள்ளத்துக்குள் கவிழ்ந்து கிடந்தன. 32 பேர் இறந்தார்கள், 300க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். துணை மேயர் உட்பட மூத்த அதிகாரிகள் சிலர் பதவி விலகினார்கள், மேயர் விலகவில்லை. நவம்பர் தேர்தலில் ஊர் அவருக்கு 68 சதவீத ஓட்டைக் கொடுத்தது. அந்த ஓட்டு மன்னிப்பா, பாசமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சுருட்டை முடியும் குண்டு முகமுமாக ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் அம்மாவைப் போல இருக்கிறார் என்று ‘ஹுவா மா’, அதாவது பூ அம்மா என்று அந்த ஊர் அவரைச் செல்லமாகக் கூப்பிடும்.

2018 ஏப்ரலில், தவணை முடிவதற்கு முன்பே, ஜனாதிபதி சாய் இங்வென் அவரை ஜனாதிபதி அலுவலகத்தின் தலைமைச் செயலாளராக அழைத்துக்கொண்டார். இது அமைச்சரவைப் பதவி இல்லை, ஐந்து யுவானுக்குள்ளும் வராது. ஜனாதிபதியின் வலது கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் விட்டுப்போன காவோசியுங்கை அந்த ஆண்டு நவம்பரில் குவோமின்தாங்கின் ஹான் குவோயூ தட்டிக்கொண்டு போனார்.

செங்கல் கட்டடம்

தைபே நடுவில், நிர்வாக யுவானுக்கு எதிரே, சிவப்புச் செங்கல்லும் குவிமாடமும் கொண்ட ஒரு ஜப்பானியர் காலத்துக் கட்டடம் இருக்கிறது. 1915இல் முடிந்தது. அதுதான் கண்காணிப்பு யுவான்.

அதற்கு 29 உறுப்பினர்கள், ஆறு ஆண்டுத் தவணை. ஜனாதிபதி பெயர் கொடுக்க, நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும். அதிகாரி தவறு செய்தால் அவர்மீது குற்றச்சாட்டு நிறைவேற்றி ஒழுங்கு நடவடிக்கை நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். ஒரு துறையோ மாநகரமோ சரியில்லை என்றால் திருத்திக்கொள்ளச் சொல்லி உத்தரவு போடலாம். அரசுக் கணக்குத் தணிக்கை, அதிகாரிகளின் சொத்துக் கணக்கு, அரசியல் நன்கொடைக் கணக்கு எல்லாம் இதன்கீழ்தான். நேராகத் தண்டிக்க மட்டும் முடியாது. ‘பல் இல்லாத புலி’ என்று கேலி செய்வார்கள்.

ஆள் நியமிக்காவிட்டால் புலியே இல்லாமலும் போகும். 2005 பிப்ரவரி முதல் 2008 வரை அந்த நாற்காலிகள் முழுக்கக் காலி. அப்போதைய ஜனாதிபதி சென் ஷுய்பியான் கொடுத்த பட்டியலை எதிரணி கையிலிருந்த நாடாளுமன்றம் எடுத்துப் பார்க்கவே மறுத்துவிட்டது. மூன்றரை ஆண்டு ஒரு யுவானே வேலை செய்யாமல் இருந்தும் நாடு ஓடியது. அது தேவைதானா என்ற கேள்வி அதனால் வலுத்தது. சென் ஜூவின் கட்சி, இந்த யுவானையும் தேர்வு யுவானையும் எடுத்துவிட்டு மற்ற நாடுகள் போல மூன்றோடு நிறுத்தலாம் என்று ரொம்ப காலமாகச் சொல்லிவருகிறது.

அந்தக் கட்சியின் ஜனாதிபதிதான் 2020 ஜூனில், கண்காணிப்பு யுவானின் தலைவராக சென் ஜூவை முன்மொழிந்தார். குவோமின்தாங் கொதித்தது. கட்சிச் சார்பற்றவர் இருக்க வேண்டிய இடம் இது. மேலும் அவர் மேயராக இருந்தபோது அவருடைய மாநகர அரசையே இதே கண்காணிப்பு யுவான் கண்டித்திருக்கிறது. கண்டிக்கப்பட்டவர் கையில் பிரம்பைக் கொடுப்பதா என்பது அவர்கள் வாதம். யாராக இருந்தாலும் யோசிக்க வைக்கும் வாதம்தான். ஜூன் 28 அன்று அவர்களுடைய உறுப்பினர்கள் சட்டமியற்றும் யுவானின் அவைக்குள் புகுந்து, நாற்காலிகளை அடுக்கிச் சங்கிலி போட்டுக் கதவை அடைத்தார்கள். மறுநாளே ஆளுங்கட்சியினர் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்கள். ஜூலை 17 அன்று தள்ளுமுள்ளுக்கு நடுவே வாக்கெடுப்பு, ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தது, நிறைவேறியது. தொடக்கத்தில் சொன்ன ‘யுவானில் கைகலப்பு’ இப்போது புரிந்திருக்கும்.

ஆகஸ்ட் 1 அன்று பொறுப்பேற்றார். அன்றே கண்காணிப்பு யுவானுக்குள் தேசிய மனித உரிமை ஆணையமும் தொடங்கியது. யுவான் தலைவரே அதற்கும் தலைவர். அவர் விசாரிக்கப்பட்ட ஜிங்மெய் ராணுவ நீதிமன்றம் அதற்குள் மனித உரிமை அருங்காட்சியகமாக மாறியிருந்தது. 2024 டிசம்பரில் பக்கவாதம் வந்து மருத்துவமனையில் சேரும்வரை வேலை பார்த்தார். பிறகு யுவானின் துணைத் தலைவர் அவருடைய இடத்தில் பொறுப்பைக் கவனித்தார்.

சரி, கலைக்கத்தான் வேண்டும் என்று சொல்லும் கட்சி, ஆட்சியில் இருந்தும் ஏன் கலைக்கவில்லை? அரசியலமைப்பைத் திருத்த வேண்டும். அதற்கு நாடாளுமன்றத்தில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் வந்திருந்து, வந்தவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரிக்க வேண்டும். பிறகு பொது வாக்கெடுப்பு. அதில் ஓட்டுப் போட்டவர்களில் பாதி போதாது, ஓட்டுரிமை உள்ள எல்லோரிலும் பாதிக்கு மேல் ஆம் என்று சொல்ல வேண்டும். 2022 நவம்பரில், வாக்களிக்கும் வயதை இருபதிலிருந்து பதினெட்டாகக் குறைக்கும் திருத்தம் இந்த வழியில் போனது. எல்லாக் கட்சிகளும் ஆதரித்த விஷயம். ஆதரவு ஓட்டுத்தான் அதிகம், சுமார் 56 லட்சம். தேவைப்பட்டதோ 96 லட்சத்துக்கு மேல். திருத்தம் விழுந்தது.

எல்லோரும் ஒத்துக்கொண்டதே நிறைவேறாத இடத்தில், பாதிப் பேர் எதிர்க்கும் யுவான் கலைப்பு நடக்கும் வழி தெரியவில்லை. அதுவரை அந்தச் செங்கல் கட்டடத்தில் முறை வைத்து ஒரு உறுப்பினர், மனுவோடு வருபவர்களைப் பார்க்க உட்கார்ந்திருப்பார்.